வாசலுக்கு மட்டும் அனுமதி

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் இருந்தன. குடியிருக்க இடம்தான் இல்லை.

இடம் இல்லை என்றால் தரை இல்லை என்று அர்த்தமல்ல. தரை கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அதில் குழி தோண்டக் கூடாது, மரத்தில் கூடு கட்டக் கூடாது, பாறை இடுக்கில் புதிதாகக் குடிபுகக் கூடாது என்று காட்டு மன்றம் தீர்மானம் போட்டிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்து, காட்டின் நடுவில் இருந்த ஒரே குளம் வற்றத் தொடங்கியபோது போட்ட தீர்மானம் அது.

"இருக்கிற குடித்தனங்களுக்கே தண்ணீர் போதவில்லை. புதுக் குடித்தனம் எதற்கு?" என்று மன்றத் தலைவர் கரியமாணிக்கம் கேட்டார். அவர் ஒரு யானை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அந்தக் குளத்தில் இறங்கிக் குளிப்பவர். அன்றும் குளித்துவிட்டு வந்துதான் கேட்டார். அவருக்கு இதுவரை வீடு தேவைப்பட்டதில்லை. அதனால் வீடு கேட்பவர்களைப் பார்த்தால் அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருக்கும்.

குளம் நிறைந்தால் தடை தானாக நீங்கும் என்றும் தீர்மானத்தில் ஒரு வரி இருந்தது. நிறைந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒரு நாரையை நியமித்தார்கள். நாரையின் இரண்டு முழங்காலும் நனைந்தால் குளம் நிறைந்ததாகப் பொருள். மறு வருஷமே நல்ல மழை பெய்தது. நாரை போய்க் குளத்தில் நின்றது. வழக்கப்படி ஒற்றைக் காலில் நின்றது. 'ஒரு முழங்கால் நனைந்தது, மற்றொன்று நனையவில்லை' என்று எழுதிக் கொடுத்தது. அடுத்த வருஷமும் அப்படியே எழுதிக் கொடுத்தது. அது பொய் சொல்லவில்லை என்பதால் யாரும் அதைக் குறை சொல்ல முடியவில்லை.

அந்தக் காட்டில் ஐயாக்கண்ணு என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். தடை வந்த இரண்டாம் வருஷம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செவந்தியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். தனியாக ஒரு வளை தோண்ட வழியில்லை. அண்ணன் வையாபுரியும் அண்ணி அங்கம்மாவும் இருந்த வளையிலேயே குடித்தனம் ஆரம்பித்தார்கள்.

அந்த வளை இருவருக்குத் தோண்டியது. நான்கு பேர் இருந்தால் முயல்களுக்கு நெருக்கடி. முள்ளம்பன்றிகளுக்கு அது காயம். ஒருவர் புரண்டு படுத்தால் மூன்று பேர் எழுந்திருப்பார்கள். உள்ளே வருகிறவர் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு வர வேண்டும், வெளியே போகிறவரும் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு போக வேண்டும், நடுவில் இருவர் சந்தித்துவிட்டால் யார் பின்வாங்குவது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும். தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வரவேண்டும் என்று அங்கம்மா சட்டம் போட்டிருந்தாள். ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது அவள் கன்னத்திலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, "இது யாருது? சின்னவருதா, பெரியவருதா?" என்று கேட்பாள்.

"நுனி வெள்ளையா இருந்தா என்னுது, அண்ணி" என்பான் ஐயாக்கண்ணு.

"வெள்ளைதான்."

"மன்னிச்சுக்குங்க."

"மன்னிச்சு மன்னிச்சு எனக்குக் கன்னமே இல்லாமப் போச்சு, கொழுந்தனாரே."

ஆனால் ஒருநாளும் அவள் வெளியே போகச் சொன்னதில்லை. வையாபுரியும் சொன்னதில்லை. இந்த நிலையில் செவந்தி கர்ப்பமானாள்.

அவள் அதை ஐயாக்கண்ணுவிடம்தான் முதலில் சொன்னாள். அவன் சந்தோஷத்தில் சிலிர்த்துப்போய் அண்ணன் காலில் நாலு முள் ஏற்றினான். செவந்தி சிரிக்கவில்லை. "பிறக்கிற குழந்தைக்கு முதல் நாள் முள் மெத்துன்னு இருக்கும். நம்ம நாலு பேரு முள்ளுக்கு நடுவுல அதை எங்கே படுக்க வைக்கிறது?" என்றாள்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மன்றத்தின் கிளிகள் மரத்துக்கு மரம் பறந்து ஒரே வாக்கியத்தைக் கூவின. "புதுக் குடியிருப்புத் தடை பகுதியளவில் நீக்கம்! புதுக் குடியிருப்புத் தடை பகுதியளவில் நீக்கம்!"

எந்தப் பகுதி என்று கிளிகளிடம் கேட்டுப் பயனில்லை. அவை சொன்னதையே சொல்லும். ஆனால் அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை. நீக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் காடே குதித்தது. அணில்கள் நார் சேகரிக்க ஓடின. ஐயாக்கண்ணு "அண்ணே!" என்று கத்திக்கொண்டு வையாபுரியைக் கட்டிப்பிடிக்கப் போனான்.

"தள்ளி நின்னு சந்தோஷப்படுடா" என்றான் வையாபுரி.

மறுநாள் சூரியன் எழும்போதே ஐயாக்கண்ணு குடியிருப்பு அனுமதி அலுவலகத்துக்குப் போனான். அது ஒரு சாய்ந்த ஆலமரத்தின் அடியில் இருந்தது. அவனுக்கு முன்னால் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அவன் பத்தொன்பதாவது ஆளாக நின்றான். அவனுக்குப் பின்னால் வந்த காட்டுப்பூனை, அவன் முதுகைப் பார்த்துவிட்டு ஏழு அடி தள்ளி நின்றது. அதற்குப் பின்னால் வந்தவர்கள், ஐயாக்கண்ணுவோடு வரிசை முடிந்துவிட்டது, இது வேறு ஏதோ வரிசை என்று நினைத்து, அந்த இடைவெளியில் புகுந்து குறுக்காக ஒரு புது வரிசை தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எந்த வரிசை எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வரிசையின் தலை இன்னொரு வரிசையின் வாலைத் தொட்டு, பலர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் டோக்கன் கொடுக்க வந்த கீரி, "வலை அறுந்துபோச்சு, சிலந்தி சரி பண்ணிக்கிட்டிருக்கு, காத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

மூன்றாம் நாள்தான் ஐயாக்கண்ணு அலுவலர் முன்னால் போய் நின்றான்.

அலுவலர் ஓர் ஆமை. வீடில்லாதவர்களின் குறைகளைக் கேட்க மன்றம் தேர்ந்தெடுத்திருந்த அவருக்கு, பிறந்த நாள் முதல் வீடு முதுகிலேயே இருந்தது. வேலை முடிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். அந்த நிமிஷமே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். மற்றவர்கள் ஏன் இதை இவ்வளவு பெரிய பிரச்சினையாக்குகிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

"இனம்?" என்றார் ஆமை.

"பார்த்தாத் தெரியலீங்களா?"

"பார்க்கிறதை எழுதறது என் வேலை இல்லை. நீ சொல்றதை எழுதறதுதான் வேலை."

"முள்ளம்பன்றிங்க. ஒரு வளை தோண்டிக்கணும். ஒரே ஒரு அறை போதும். சம்சாரம் மாசமா இருக்கா."

"வளைக்குத் தடை இருக்கே."

"அதைத்தான் நீக்கிட்டாங்கன்னு கிளி சொல்லிச்சே ஐயா."

"பகுதியளவில்."

"எந்தப் பகுதிங்க?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். மேலிடத்தைக் கேட்கிறார் என்று பின்னால் நின்றவர்கள் மரியாதையாகச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்துத் தலை வெளியே வந்தது.

"வாசல்" என்றார்.

"வாசலா?"

"ஒரு வீட்டுக்கு என்னென்ன பகுதி? வாசல், அறை. தண்ணியைச் செலவழிக்கிறது யாரு? அறைக்குள்ள குடியிருக்கிறவங்க. வாசல் தண்ணி குடிக்குமா? குடிக்காது. அதனால வாசல்மேல இருந்த தடையை மன்றம் பெருந்தன்மையோட நீக்கியிருக்கு. யாரு வேணும்னாலும் வாசல் வெச்சுக்கலாம். உள்ளே ரெண்டு சாண் ஆழம். அதுக்கு மேல ஒரு விரல் போனாலும் அறை."

"வாசலை மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

"போன வாரம் வரைக்கும் உனக்கு வாசலும் இல்லை. அதை நினைச்சுப் பாரு" என்ற ஆமை, படிவத்தில் சேற்றுக்கால் வைத்து முத்திரை குத்திக் கொடுத்தார்.

ஐயாக்கண்ணு வெறுங்கையோடு திரும்பவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தோஷப்பட முயற்சி செய்தான். ஓர் இலுப்பை மரத்தின் வேருக்குக் கீழே இரண்டு சாண் ஆழத்துக்கு வாசல் தோண்டினான். வேறு ஒன்றும் செய்ய அனுமதி இல்லாததால் அந்த வாசலை மிகவும் அழகாகச் செய்தான். வளைவைத் தேய்த்து வழவழப்பாக்கினான். இரண்டு பக்கமும் கூழாங்கல் பதித்தான். பிறகு செவந்தியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான்.

செவந்தி தலையை உள்ளே நீட்டினாள். மண்ணில் மூக்கு இடித்தது. "உள்ளே?" என்றாள்.

"உள்ளே கிடையாது. இதுதான்."

"வாசல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் குரலைக் கேட்டு ஐயாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த மாசம் காடு முழுக்க வாசல்கள் முளைத்தன. மண்மேட்டில் வாசல், மரத்தில் வாசல், பாறையில் வாசல். முயல்கள் தலையை மட்டும் வாசலுக்குள் விட்டுக்கொண்டு, பின்பக்கம் வெயிலில் காய, 'குடியிருந்தன'. ஓர் அகழெலி மட்டும் துணிந்து மூன்று சாண் தோண்டியது. மறுநாளே கீரி வந்து அளந்து பார்த்து, ஒரு சாணை மண் போட்டு மூடியது. நல்லவேளையாக அப்போது அகழெலி வெளியே போயிருந்தது. கரியமாணிக்கம் ஒரு மேட்டில் ஏறி நின்று காட்டைப் பார்த்து, "எத்தனை வாசல்! எவ்வளவு வளர்ச்சி!" என்று நெகிழ்ந்தார்.

பிறகு மழைக்காலம் தொடங்கியது. ஐயாக்கண்ணுவும் செவந்தியும் அண்ணன் வீட்டு நெரிசலில் பாதி நாளும், தங்கள் வாசலில் முகத்தை வைத்துக்கொண்டு பாதி நாளும் கழித்தார்கள். முகம் நனையாது. மற்றதெல்லாம் நனையும். செவந்திக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு பிற்பகலில்தான் பூலோகம் வந்தார். அவர் ஒரு பெருச்சாளி. வயசானவர், பருத்தவர், பேச்சில் தேன் சொட்டும்.

"தம்பி, என்ன இப்படி மழையில? உடம்புக்கு ஆகுமா? தங்கச்சி வேற பிள்ளைத்தாச்சி" என்றார்.

"என்னங்க பண்றது? வாசலுக்குத்தான் அனுமதி."

"தெரியும். உங்க வாசலுக்கு நேர் பின்னாடி, நாலு முழம் தள்ளி, என் வீட்டு முப்பத்தோராவது அறை இருக்கு. சும்மாதான் கிடக்கு."

ஐயாக்கண்ணு திகைத்துப்போனான். "உங்க வளை மலையடியிலல்ல இருக்கு?"

"ஆமா, தொடங்கறது அங்கேதான். தடை புது வீட்டுக்குத்தானே? பழைய வீட்டைப் பழுது பார்க்கத் தடை இல்லையே. நான் பழுது பார்த்துக்கிட்டே கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துட்டேன்."

"நாலு வருஷமாவா பழுது பார்க்கிறீங்க?" என்று கேட்டாள் செவந்தி.

"பழைய வீடும்மா. பார்க்கப் பார்க்கப் பழுது வந்துக்கிட்டே இருக்கு. இப்ப நாப்பத்திரண்டு அறை ஆகிப்போச்சு. ஆனா பாருங்க, எனக்கு ஒரு குறை. அறை எத்தனை வேணும்னாலும் தோண்டலாம், புதுசா வாசல் வைக்க மட்டும் அனுமதி இல்லாம இருந்துச்சு. இப்ப மன்றம் அந்தக் குறையையும் தீர்த்துடுச்சு. உங்ககிட்ட வாசல் இருக்கு, என்கிட்ட அறை இருக்கு. நடுவுல நாலு முழம் மண்ணு. அதைத் தட்டிவிட்டா ஆச்சு."

"இதுக்கு நாங்க என்ன தரணும்?"

"சேச்சே! ஒண்ணும் வேண்டாம். ஒரே வீட்டுல இருக்கிறவங்க ஒரே குடும்பமா இருக்கணும்னு சட்டம். என் குடும்ப அட்டையில உங்க பேரைச் சேர்த்துக்கறேன். மன்றத்துக்கு ஓட்டுப் போடறது மட்டும் குடும்பத் தலைவர் பார்த்துக்குவார். உங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல்?"

அன்று இரவு முழுக்க ஐயாக்கண்ணுவும் செவந்தியும் யோசித்தார்கள். யோசித்தார்கள் என்றால், அவன் யோசித்தான், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மறுநாள் மூவரும் ஆமையின் முன்னால் நின்றார்கள்.

"உறவு?" என்றார் ஆமை.

"ஒன்றுவிட்ட தம்பிங்க" என்றார் பூலோகம்.

ஆமை ஐயாக்கண்ணுவின் முதுகை வெகுநேரம் பார்த்தார். "இவர் பெருச்சாளிங்கறீங்க."

"ஆமாங்க."

"முதுகில இருக்கறது?"

"முடிதாங்க. தாய்வழியில கொஞ்சம் முரட்டு முடி. குளிருக்குச் சிலிர்த்திருக்கு."

ஐயாக்கண்ணு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். செவந்தி அவன் காலை மிதித்தாள். ஆமை, 'இனம்: பெருச்சாளி. முடி: முரடு' என்று எழுதி முத்திரை குத்தினார். அவர் சொன்னதுபோலவே, சொல்வதை எழுதுவதுதான் அவர் வேலை.

நாலு முழம் மண் ஒரே நாளில் அகன்றது. அறை காய்ந்திருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. செவந்தி உள்ளே போய்ப் படுத்து, நான்கு கால்களையும் நீட்டினாள். ஒருவர் மேலும் படவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அப்போதும் படவில்லை. அவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். "எதுக்கு அழறே?" என்று ஐயாக்கண்ணு பதறினான். "கால் நீட்டினேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது. அங்கம்மாதான் வந்து பிரசவம் பார்த்தாள். குழந்தைக்கு முள் மெத்தென்று, ஈரப் புல்லைப்போல் இருந்தது. வையாபுரி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "நம்ம அப்பா மூஞ்சி" என்றான். ஆனால் மன்றம் தந்த பிறப்புச் சான்றில், 'பூலோகம் குடும்பம், பெருச்சாளி, ஆண்' என்று இருந்தது.

செவந்தி அதைப் பார்த்து முள் சிலிர்த்தாள். "பெத்தது நானு. பேரு யாருக்கோ போகுதே?"

"வெறும் பேப்பர்தானே செவந்தி" என்றான் ஐயாக்கண்ணு. "பேப்பருக்கு மழை படாம இருக்க ஒரு அறை இருக்கில்ல, அதை நினைச்சுக்க."

அவனைப்போலவே இன்னும் நாற்பத்தொரு குடும்பங்கள் பூலோகத்துக்கு ஒன்றுவிட்ட உறவாயின. முயல்கள் தாய்வழிப் பெருச்சாளிகள் ஆயின. மரத்தில் வாசல் வைத்திருந்த ஓர் ஆந்தைகூட, பறக்கும் பழக்கம் உள்ள பெருச்சாளி என்று பதிவானது. வருஷ முடிவில் மன்றம் கணக்கெடுத்தபோது புதிதாகக் கட்டிய வீடுகளின் எண்ணிக்கை பூஜ்யம். வீடில்லை என்று புகார் கொடுத்தவர்களின் எண்ணிக்கையும் பெருமளவு குறைந்திருந்தது. ஒரு வீடுகூடக் கட்டாமல் வீட்டுப் பிரச்சினையைத் தீர்த்த முதல் தலைவர் என்று கரியமாணிக்கத்துக்கு மாலை போட்டார்கள். அவர் மாலையைத் தின்றுகொண்டே நன்றி சொன்னார். அடுத்த மன்றத் தேர்தலில் நாற்பத்திரண்டு குடும்பங்களின் ஓட்டையும் பூலோகம் ஒருவரே போட்டதால் வேலை சீக்கிரம் முடிந்தது. கரியமாணிக்கமே மறுபடியும் தலைவரானார்.

ஐயாக்கண்ணு மெல்ல மெல்ல மாறினான். முதலில் வாசலில் ஒரு முள்வேலி வைத்தான். பிறகு பக்கத்து அறை முயல்கள் இரைச்சல் போடுகின்றன என்று பூலோகத்திடம் புகார் கொடுத்தான். காலையில் குளக்கரைக்குப் போனால், தண்ணீர் குடிக்க வந்தவர்களை எண்ண ஆரம்பித்தான். "முன்னெல்லாம் இவ்வளவு கூட்டம் இருக்காது" என்று பெருமூச்சு விட்டான். முன்னெல்லாம் அந்தக் கூட்டத்தில் அவனும் ஒருவன்.

மறு வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளம் நிறைந்து, கரை உடைந்து, பாதிக் காட்டில் வெள்ளம் புகுந்தது. ஆழமில்லாத ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்ற நாரை இந்த முறையும் ஒரு முழங்கால் நனையவில்லை என்றே எழுதிக் கொடுத்தது. வையாபுரியின் பழைய வளை ஒரு பகலில் இடிந்து விழுந்தது. அவனும் அங்கம்மாவும் உயிர் தப்பி, ஒரு மூங்கில் புதரடியில் ஒதுங்கினார்கள். வளையைத் திரும்பத் தோண்டலாமா என்று வையாபுரி ஆமையிடம் கேட்டான்.

"இடிஞ்ச வீட்டைத் தோண்டினா அது பழுது பார்க்கிறது ஆகாது. பழுது பார்க்க வீடு இருக்கணும். உன்கிட்ட இப்ப வீடு இல்லை. அதனால அது புது வீடு. புது வீட்டுக்குத் தடை இருக்கு" என்றார் ஆமை. அவர் வெள்ளத்தில் மிதந்துகொண்டே இதைச் சொன்னார்.

வையாபுரியைப்போலப் பலர் வந்து முறையிட்டதால், தடையை முழுவதுமாக நீக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்கப்படும் என மன்றம் அறிவித்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் பூலோகம் ஒரு பெரிய தேக்கிலையோடு ஐயாக்கண்ணுவின் அறைக்கு வந்தார். 'குளத்து நீர்ப் பாதுகாப்புக் குழு' என்று அதன் தலையில் எழுதியிருந்தது.

"தடை தொடரணும்னு கையெழுத்து வாங்கறோம், தம்பி. கட்டாயம் இல்லை. உங்க இஷ்டம்" என்றார்.

பூலோகம் கட்டாயப்படுத்தவே இல்லை. அவர் போனதும் ஐயாக்கண்ணு இலையை இரண்டு முறை படித்தான்.

"என்ன யோசிக்கிறீங்க?" என்றாள் செவந்தி. "மாமா வீடு இடிஞ்சு கிடக்கு. தடையை எடுத்தாத்தானே அவங்க தோண்ட முடியும்?"

"அண்ணன் ஒருத்தர் தோண்டினா நான் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறேன்? தடையை எடுத்தா அண்ணன் மட்டுமா தோண்டுவார்? மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவாங்க."

"நானும் அந்தப் பக்கந்தான்."

"உன்னைச் சொல்லலை. நம்ம அறைக்கு மேல எவனாவது தோண்டினா கூரை என்ன ஆகும்? குழந்தை படுத்திருக்கிற இடம்" என்றவன், இலையில் காலைப் பதித்தான். பதித்ததோடு நில்லாமல், கூட்டத்தில் பேசுகிறவர்கள் பட்டியலில் பெயரும் கொடுத்தான்.

கூட்டம் வழக்கமாக நடக்கும் குளக்கரைத் திடல் தண்ணீரில் மூழ்கியிருந்தது. ஆகவே ஒரு பாறைமேல் நடத்தினார்கள். பாறைக்கு நான்கு பக்கமும் தண்ணீர். கரியமாணிக்கம் மட்டும் தண்ணீரிலேயே நின்று தலைமை தாங்கினார்.

வையாபுரி முதலில் பேசினான். அவனுக்குப் பேசி வழக்கமில்லை. "எனக்கும் என் சம்சாரத்துக்கும் இருக்க இடமில்லைங்க. ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டு இருக்கோம். பழைய இடத்துலயே தோண்டிக்கறேன். அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தான்.

அடுத்து ஐயாக்கண்ணு எழுந்தான். "தலைவர் அவர்களே, யார்மேலயும் எனக்குக் கோபமில்லை. ஆனா உண்மையைச் சொல்லித்தான் ஆகணும். நம்ம காட்டுல தண்ணி போதாது."

எங்கிருந்தோ ஒரு தவளை சிரித்தது. வையாபுரி தம்பியையே பார்த்தான். "டேய் ஐயாக்கண்ணு, நீ நிக்கிற இடத்தைச் சுத்திப் பாருடா" என்றான்.

"பார்த்துட்டுத்தான் பேசறேன் அண்ணே. இது வெள்ளம். நான் சொல்றது தண்ணி."

பாறையில் இருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களும் கைதட்டின. வையாபுரி மறுபடி எழுந்தான். "நான் உன் அண்ணன்டா."

ஐயாக்கண்ணுவின் முட்கள் ஒரு கணம் தாழ்ந்தன. பிறகு நிமிர்ந்தான். "இல்லைன்னு யாரு சொன்னா? அண்ணன்னா அண்ணன்தான். ஆனா இது பொது விஷயம்" என்றான். குரல் கொஞ்சம் கம்மியது. அதை எல்லோரும் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளத்தையும் தண்ணீரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று தெளிவுபடுத்திய இளைஞரை மன்றம் பாராட்டியது. தடை தொடரும் என்று தீர்ப்பாயிற்று. கூட்டம் கலைந்தபோது அங்கம்மா ஐயாக்கண்ணுவின் அருகில் வந்தாள். மழை விட்டபாடில்லை.

"கொழுந்தனாரே, மழை நிக்கிற வரைக்கும் உங்க அறையில ஒரு ஓரமா…"

"கேட்டுப் பார்க்கிறேன், அண்ணி" என்றான் அவன். "ஒரு அறைக்கு மூணு பேர்தான்னு பூலோகம் ஐயா சொல்லியிருக்கார். அதுவுமில்லாம அண்ணனுக்குத்தான் தெரியுமே, நெருக்கடியில இருந்தா முள்ளு குத்தும்."

அங்கம்மா கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனாள்.

செவந்தி மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நாலு கிழங்கைக் கவ்விக்கொண்டு மூங்கில் புதருக்குப் போய் அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான்காம் நாள் பூலோகம் வந்தார். அடுத்த வருஷமும் தடையைத் தொடரச் சொல்லி இப்போதே கையெழுத்து வாங்கி வைக்கிறோம் என்று இலையைத் தரையில் விரித்தார். ஐயாக்கண்ணு பதித்தான். செவந்தி இலையையும் பார்த்தாள், மூலையில் தூங்கிய குழந்தையையும் பார்த்தாள். அதன் முட்கள் இப்போது நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தன.

"பெரியவரே, முப்பத்திரண்டாவது அறை காலியாகுதுன்னாங்களே, அது எங்களுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"தடை இருந்தா கிடைக்கும், தங்கச்சி."

"பையன் வளர்றான். அவனுக்குன்னு ஒரு அறை வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு, புருஷனின் காலடிக்குப் பக்கத்தில் அவளும் தன் காலைப் பதித்தாள்.

நீதி: குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவன் குளம்வரை நடக்க வேண்டியதில்லை, பதில் சொல்கிறவனுக்கு வீடு இருக்கிறதா என்று விசாரித்தால் போதும்.